குடியரசு பயின்ற சிறுவர்

வாக்குரிமை ஒருவனுக்கு ஒரு குறித்த நாளிலே வந்து சேர்கின்றது. அதற்கு முதல் நாள் இரவு வரை அவன் பிறர் சொற்படி நடக்க வேண்டியவன். மறுநாட் காலையிலோ நாட்டின் மந்திரிமாரை ஆக்கவும் அகற்றவும் உரியவன். இலங்கை மக்கள் 1931ஆம் ஆண்டிலே சர்வஜன வாக்குரிமையைப் பெற்றபோது அந்த நாள் 21 வயது நிறைவெய்தும் நாளாக இருந்தது. 1959ஆம் ஆண்டிலே சட்டந் திருத்தப்பட்டு வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைக்கப்பட்டது. அதன் பயனாகப் பதினெட்டு வயதினரும் வாக்குச்சாவடியின் வரிசையிலே நிற்கும் உரிமை பெற்றனர்.

பதினேழு வயதிலே பாடசாலை வாங்கிலே அமர்ந்து, கேள்விக்கு விடை சொல்லும் பழக்கம் ஒன்றையே கற்றவன், பதினெட்டாம் வயதிலே ஆட்சியாளரைக் கேள்வி கேட்க எங்கே பயின்றான்? நீரில் இறங்காமல் நீந்தப் பழகியவர் இல்லை. பாராளுமன்றத்தில் எத்தனை உறுப்பினர், மசோதா எத்தனை முறை வாசிக்கப்படும் என்பவற்றை மனப்பாடஞ் செய்தவன் அவற்றைப் பரீட்சைத் தாளில் எழுதிவிட்டு மறந்துபோகலாம். தனக்கு விருப்பமில்லாத தீர்மானமொன்று பெரும்பான்மையால் நிறைவேறிய பின், அதற்குக் கட்டுப்பட்டு நடக்கும் மனப்பக்குவம் பரீட்சைத் தாளினால் வருவதன்று. எதிரியின் பக்கத்து நியாயத்தை இறுதிவரை கேட்கும் பொறுமையும் அவ்வாறே.

இந்தக் குறையை உணர்ந்த சிலர், சிறுவரிடமே சட்டம் இயற்றும் சபையையும் வழக்கு விசாரிக்கும் மன்றையும் ஒப்படைத்துப் பார்த்தனர். சிலர் அதனை விளையாட்டாக நடத்தினர். வேறு சிலர் மெய்யாகவே நடத்தினர். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. அந்த வேறுபாட்டைக் காண ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றைத் திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவிலே நியூயோர்க் மாநிலத்தில் பிரீவில் என்னும் சிற்றூர் ஒன்றுண்டு. வில்லியம் ரூபன் ஜோர்ஜ் என்னும் வியாபாரி, நியூயோர்க் நகரச் சேரிகளிலே நெருக்குண்டு வாழ்ந்த பிள்ளைகளை 1890ஆம் ஆண்டு முதல் கோடை விடுமுறைகளில் அவ்வூருக்கு அழைத்துச் சென்றார். நல்ல காற்று, நல்ல உணவு, ஓடியாட வயல்வெளி ஆகியவற்றை அவர்களுக்கு அளிப்பதே அவரது நோக்கம். ஊரவரும் இரக்கங்கொண்டு பழைய உடுப்புகளையும் காய்கனிகளையும் வழங்கினர். சில ஆண்டுகளின் பின்னர் ஜோர்ஜ் ஓர் உண்மையைக் கண்டு மனம் நொந்தார். பிள்ளைகள் காற்றையும் வயலையும் பொருட்படுத்தவில்லை. வீட்டுக்கு எவ்வளவு பொருள் கொண்டுபோகலாம் என்பதையே எண்ணிக்கொண்டிருந்தனர். தர்மம் அவர்களை இரவலராக்கி விட்டது.

அதன்பின் அவர் எதனையும் இலவசமாகக் கொடுப்பதில்லை என்று தீர்மானித்தார். உடுப்பு வேண்டுமாயின் உழைத்துப் பெறுதல் வேண்டும். ஒழுங்கை மீறியவரைத் தாமே தண்டிப்பதையும் அவர் படிப்படியாகக் கைவிட்டார். குற்றஞ் சாட்டப்பட்டவனை அவன் தோழரே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும்படி விட்டார். பெரியவர் ஒருவரின் பிரம்புக்கு அஞ்சாத சிறுவன், தன் வயதினர் பன்னிருவர் முகத்தை நேரே பார்த்து விடை சொல்ல நேர்ந்தபோது தலைகுனிந்தான். இந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே ‘ஜோர்ஜ் இளையோர் குடியரசு’. அது 1895ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10ஆந் தேதி தொடங்கியது. முதலிற் கோடைகால ஏற்பாடாக இருந்தது, பின்னர் ஆண்டு முழுவதும் நடைபெறும் ஒரு சிறுவர் ஊராக வளர்ந்தது.

‘உழைப்பின்றி எதுவுமில்லை’ என்பது அக்குடியரசின் குறிக்கோள். அதற்கென ஓர் அரசியலமைப்பும், சட்டசபையும், நீதிமன்றும், பொலிசாரும், மறியற்சாலையும் இருந்தன. தனி நாணயமும் புழங்கியது. தச்சுவேலை, வயல்வேலை, சமையல் என்று எதனைச் செய்தாலும் கூலி அந்த நாணயத்திலே கிடைத்தது. படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் அந்த நாணயத்திலேயே பணஞ் செலுத்துதல் வேண்டும். உழையாதவனை முற்றாகப் பட்டினி போட முடியாது; அரசாங்கமே அவனுக்குச் சோறிட்டது. அரசாங்கத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? உழைத்தவரின் வரியிலிருந்தே வந்தது. ‘இவன் தின்பதற்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும்?’ என்ற கேள்வி சட்டசபையிலே எழுந்தது. வறியோர் உதவி, வரிவிதிப்பு, வேலையின்மை என்று பெரிய நாடுகளின் மந்திரிசபைகள் தலையை உடைத்துக்கொள்ளும் பிரச்சினைகள் பதினான்கு வயதினரின் சபைக்குத் தாமாகவே வந்து சேர்ந்தன. எந்த ஆசிரியரும் அவற்றைப் பாடமாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இக்குடியரசுக்குக் குறைகளும் இருந்தன. பணத்தை நடுவில் வைத்துக் கட்டிய ஊரிலே பணம் சேர்ப்பதில் வல்லவன் உயர்வதும் அல்லாதவன் தாழ்வதும் இயல்பு. பெரியவர் சமுதாயத்தின் நன்மையோடு அதன் கடுமையும் அப்படியே பெயர்த்து நடப்பட்டதாகக் குறை கூறினோர் உண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை மறியற்சாலையில் அடைப்பது பிள்ளைகளே தீர்மானித்த தண்டனையாயினும் தகுமோ என்று கேட்டோரும் உண்டு. ஆயினும் அதன் செல்வாக்கு அந்த ஊரெல்லைக்குள் அடங்கிவிடவில்லை. அக்குடியரசின் பாதுகாப்புச் சபைக்குத் தலைமை வகித்த தோமஸ் மொற் ஒஸ்போர்ன் என்பவர், சிறுவருக்குப் பொருந்தியது கைதிகளுக்கும் பொருந்தாதோ என்று எண்ணினார். அவர் 1913ஆம் ஆண்டிலே ஓபர்ன் நகரச் சிறையில் ஒரு வாரம் தாமே கைதிபோல் அடைபட்டிருந்து நிலைமையை அறிந்தார். கைதிகள் தம்மைத் தாமே ஒழுங்குபடுத்தும் சங்கமொன்று அங்கே தோன்றியது. மறு ஆண்டு அவர் புகழ்பெற்ற சிங் சிங் சிறையின் அதிகாரியானார். சிறுவர் நீதிமன்றிலே பிறந்த எண்ணம் இவ்வாறு வளர்ந்தோரின் சிறைக்கதவையும் தட்டியது.

அவ்வெண்ணம் கடலையுங் கடந்தது. இங்கிலாந்திலே டோர்செற் மாவட்டத்தில் 1913ஆம் ஆண்டு ‘சிறு பொதுநலவரசு’ என்னும் நிலையம் திறக்கப்பட்டது. அதனை நடத்தவென அழைக்கப்பட்டவர் ஹோமர் லேன் என்னும் அமெரிக்கர். நீதிமன்றங்களாற் குற்றவாளிகளெனக் காணப்பட்ட ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் அங்கே ஒருங்கே வாழ்ந்தனர். அந்நாளில் அதுவே பெரும் புதுமை. அங்கேயும் கூலி உண்டு. சட்டங்களை அவர்களே ஆக்கினர். வழக்குகளை அவர்களே விசாரித்தனர். ஜோர்ஜ் நாட்டின் அரசியலமைப்பை அப்படியே சிறிதாக்கிக் கையிற் கொடுத்தவர். லேனோ ஆயத்தமான சட்டமொன்றையும் கொடுக்க விரும்பவில்லை. சட்டம் இல்லாமையால் வரும் துன்பத்தைத் தாமே அநுபவித்து, அதன்பின் தாமே சட்டத்தைத் தேடிக்கொள்ள வேண்டுமென்பது அவர் கொள்கை.

அந்த அரசின் முடிவு துன்பமானது. அங்கிருந்த பெண்பிள்ளைகள் லேன்மீதே முறைப்பாடு செய்தனர். அதிகாரிகள் விசாரணை நடத்தி, அவர் தலைமையில் அந்நிலையம் தொடர்வதற்கு இணங்க மறுத்தனர். அம்முறைப்பாடு எந்த நீதிமன்றிலும் வழக்காக விசாரிக்கப்படவில்லை. 1918ஆம் ஆண்டிலே நிலையம் மூடப்பட்டது. இதிலே கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. அங்கு வாழ்ந்தோர் ஒருவரையொருவர் விசாரிக்க மன்றிருந்தது. தலைவரை விசாரிக்க மன்றில்லை. ஒருவருடைய ஆற்றலையும் நல்லெண்ணத்தையும் தூணாகக் கொண்டு எழுந்த குடியரசு, அத்தூண் ஆட்டங்கண்டவுடன் சரிந்துபோயிற்று. ஆயினும் லேனிடம் பெற்ற ஊக்கத்தினால் ஏ. எஸ். நீல் என்னும் ஸ்கொட்லாந்து ஆசிரியர் 1921ஆம் ஆண்டிலே தொடங்கிய பாடசாலை, சமர்ஹில் என்ற பெயரோடு இங்கிலாந்திலே நிலைபெற்றது. அதன் பொதுக்கூட்டத்திலே ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஒரு வாக்கு. தலைமை ஆசிரியருக்கும் ஒரு வாக்கு.

இவை யாவும் நிலையாக ஓரிடத்தில் வாழ்ந்த சிறுவரின் அரசுகள். ஊருக்கு ஊர் இத்தகைய குடியிருப்பை அமைத்தல் இயலாது. ஆகவே ஒரு வார காலத்துக்கு, அல்லது இரண்டு மூன்று நாட்களுக்கு, அரசு நடத்திப் பார்க்கும் முறை தோன்றியது. உலகப் பொருளாதார மந்தத்தின் பின்னர் இத்தாலியிலும் ஜேர்மனியிலும் சர்வாதிகாரிகள் இளைஞருக்குச் சீருடை அணிவித்து அணிவகுக்கச் செய்த காலம் அது. குடியாட்சி நாடுகளின் இளைஞருக்கு அதற்கீடாக எதனைக் கொடுப்பது என்ற கவலை பிறந்தது. முன்னாட் போர்வீரர்களின் சங்கமாகிய அமெரிக்கன் லீஜன் 1935ஆம் ஆண்டிலே இலினோய் மாநிலத்தின் தலைநகரான ஸ்பிறிங்பீல்டில் ‘பையன்கள் மாநிலம்’ என்னும் முகாமைக் கூட்டியது. மறு ஆண்டு, 1936இல், நியூயோர்க் மாநிலத் தலைநகரான ஓல்பனியில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைச் சேர்ந்த கிளெமென்ற் டுரான் ‘இளைஞரும் அரசாங்கமும்’ என்னும் திட்டத்தைத் தொடங்கினார். குடியாட்சியை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கற்க வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கருத்து.

இம்முறையிலே மாணவர் மெய்யான சட்டசபை மண்டபத்திலேயே, மெய்யான உறுப்பினரின் ஆசனங்களிலே அமர்கின்றனர். ஒருவன் மசோதா ஒன்றை எழுதிக் கொணர்கின்றான். அது முதலிற் குழுவுக்குப் போகின்றது. அங்கே அதன் சொற்கள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கப்படுகின்றன. ‘இதற்குப் பணம் எங்கே?’ என்ற கேள்வியிலே பல மசோதாக்கள் உயிர் விடுகின்றன. தப்பியது சபைக்கு வருகின்றது. ஒருவர் ஆதரித்துப் பேசினால் மற்றவர் எதிர்த்துப் பேசுவார். சபாநாயகர் ஆசனத்திலிருக்கும் மாணவி மணியடித்தவுடன் எவ்வளவு நாவன்மை உடையவனும் அமர்ந்துவிடல் வேண்டும். ஒரு சபையில் நிறைவேறியது மற்றச் சபைக்குப் போகும். இறுதியில் ஆளுநராகத் தெரிவு செய்யப்பட்ட மாணவன் ஒப்பமிடுவான், அல்லது மறுப்பான்.

முதலில் இம்முகாம்கள் ஆண்பிள்ளைகளுக்கென்றே நடந்தன என்பதையும் மறைத்தல் கூடாது. அமெரிக்கப் பெண்கள் 1920ஆம் ஆண்டிலேயே நாடெங்கும் வாக்குரிமை பெற்றிருந்தும், அவர்களுடைய பிள்ளைகளின் விளையாட்டு அரசிலே பெண்களுக்கு இடங்கிடைக்கச் சில ஆண்டுகள் சென்றன. குடியாட்சியைக் கற்பிக்க வந்தவர்களும் கற்றுக்கொள்ள வேண்டியவர்களாகவே இருந்தனர்.

1946ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் இரண்டு பேர் வாஷிங்டன் நகரிலே கூடிப் போலிச் செனற் சபை நடத்தும் வழக்கமும் ஏற்பட்டது. 1963ஆம் ஆண்டு ஜூலை மாதத்திற் கூடிய சபை கறுப்பின மக்களின் குடியுரிமைகளுக்கு ஆதரவான தீர்மானமொன்றை நிறைவேற்றியது. தென் மாநிலங்களிலே நிறவேற்றுமை சட்டமாகவே நிலவிய காலம் அது. அம்மாதம் 24ஆந் தேதி அம்மாணவரை ஜனாதிபதி கென்னடி வெள்ளை மாளிகைத் தோட்டத்திலே வரவேற்றார். அர்க்கன்சோவிலிருந்து வந்த பதினாறு வயது மாணவன் ஒருவன் முன்வரிசைக்கு முந்திச் சென்று அவர் கையைக் குலுக்கினான். நான்கு மாதங்களின் பின் கென்னடி கொலையுண்டார். அந்த மாணவன், வில்லியம் கிளின்டன், முப்பது ஆண்டுகளின் பின்னர் 1993இலே தானே ஜனாதிபதியாகி அந்த மாளிகையுட் புகுந்தான்.

இக்கதையைச் சொல்லுவோர் பெரும்பாலும் கைகுலுக்கியதையே சொல்வர். தீர்மானமே சிந்தனைக்குரியது. அந்தத் தீர்மானத்தினால் எந்தக் கறுப்பின மனிதனுக்கும் ஓர் உரிமையும் கிடைத்துவிடவில்லை. மெய்யான குடியுரிமைச் சட்டம் மெய்யான சபைகளிலே நீண்ட போராட்டத்தின் பின்னர் 1964ஆம் ஆண்டு ஜூலையிலேதான் நிறைவேறியது. விளையாட்டுச் சபையின் பெருமையும் சிறுமையும் இதிலேயே உள்ளன. வாக்கு இழந்துவிடுவோமே என்ற அச்சம் இல்லாமையால் அங்கே மனச்சாட்சிப்படி வாக்களித்தல் எளிது. அவ்வாறு வாக்களித்ததால் உலகில் எதுவும் மாறாதிருப்பதும் இயல்பு.

சட்டசபைக்குப் போலவே நீதிமன்றுக்கும் விளையாட்டு முறை உண்டு. பாடசாலைகளின் போலி வழக்கு விசாரணையிலே மாணவருக்குக் கற்பனை வழக்கொன்றின் கோவை கொடுக்கப்படும். அதிலே சாட்சிகளின் வாக்குமூலங்களும் ஆவணங்களும் இருக்கும். சிலர் நியாயவாதிகளாகவும் சிலர் சாட்சிகளாகவும் நிற்பர். அமெரிக்காவிலே இத்தகைய போட்டிகள் மாநிலந்தோறும் பரவி, 1984ஆம் ஆண்டிலே ஐயோவா மாநிலத்து டெமோயின் நகரிலே தேசியப் போட்டியாயின. இதில் மிகுந்த பயன் தருவது ஒரு விதி: ஒரே குழுவினர் ஒரு முறை வழக்குத் தொடுப்போராகவும், மறுமுறை எதிரிக்காக வாதாடுவோராகவும் நிற்றல் வேண்டும். காலையிலே ‘இவன் குற்றவாளி’ என்று உறுதியாகச் சாதித்த மாணவி, மாலையிலே ‘இவன் நிரபராதி’ என்று அதே ஆவணங்களைக் கொண்டு சாதிக்கின்றாள். இரு பக்கமும் நின்று பார்த்தவள் பின்னொரு நாள் பத்திரிகையில் ஒருவன் கைதானான் என்ற செய்தியை வாசித்தவுடன் அவனைக் கள்ளனென்று முடிவுகட்ட மாட்டாள்.

தமிழ் மக்களுக்கு இது முற்றும் புதியதன்று. கைகேயி குற்றவாளியா என்று கூண்டிலேற்றி விசாரிக்கும் வழக்காடு மன்றங்கள் கோயில் விழாக்களிலும் பாடசாலை விழாக்களிலும் நெடுங்காலம் நடந்துவந்துள்ளன. ஆனால் கைகேயிக்குத் தண்டனை விதித்தாலும் விடுதலை அளித்தாலும் அயோத்தியில் ஒன்றும் மாறப்போவதில்லை. 1983ஆம் ஆண்டிலே டெக்ஸாஸ் மாநிலத்து ஒடெஸ்ஸா நகரிலே தொடங்கிய இளைஞர் நீதிமன்று இந்த எல்லையைத் தாண்டியது. சிறு குற்றஞ் செய்து அதனை ஒப்புக்கொண்ட பதின்ம வயதினர் அங்கே மெய்யாகவே தம் வயதினரின் ஜூரி முன்னிலையில் நின்றனர். தீர்ப்பு, பொதுப்பணி செய்தல். அதனோடு, வேறு வழக்குகளில் ஜூரராக அமர்தல். நேற்றுக் கூண்டிலே நின்றவன் இன்று தீர்ப்புச் சொல்லும் ஆசனத்திலே அமர்கின்றான். ஒரே ஆளை அவ்விரண்டு இடத்திலும் இருத்துவதே அந்த மன்று கற்பிக்கும் பாடம்.

இந்த எண்ணத்தை எல்லாரிலும் ஆழமாகக் கண்டு, எல்லாரிலும் துணிவாக நடத்தியவர் ஒரு வைத்தியர். போலந்து நாட்டைச் சேர்ந்த அவர் இயற்பெயர் ஹென்றிக் கோல்ட்ஷ்மிற். எழுத்துலகிலே அவர் பெற்ற பெயர் யானுஷ் கோர்ச்சாக். 1912ஆம் ஆண்டிலே வார்சோ நகரின் குரோக்மால்னா வீதியிலே யூத அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லமொன்று அவர் தலைமையில் திறக்கப்பட்டது. ஸ்டெபானியா வில்சின்ஸ்கா என்னும் அம்மையார் அவருக்கு உறுதுணையாக நின்றார்.

அந்த இல்லத்திலே பிள்ளைகளின் நீதிமன்று இருந்தது. தனக்குத் தீங்கு செய்தவன்மீது எந்தப் பிள்ளையும் வழக்கு வைக்கலாம். அந்த வாரத்திலே தம்மேல் வழக்கெதுவும் இல்லாத பிள்ளைகளுள் ஐவர் திருவுளச்சீட்டினால் நீதிபதிகளாகத் தெரிவு செய்யப்படுவர். வழக்குகளை எழுதிவைக்கும் செயலாளராக வளர்ந்தோர் ஒருவர் இருப்பார். அவருக்குத் தீர்ப்பிலே வாக்கில்லை. சட்டக்கோவையைக் கோர்ச்சாக் எழுதினார். அதன் முதல் 99 விதிகளும் வழக்கைத் தள்ளுபடி செய்வதற்கோ மன்னிப்பதற்கோ உரியவை. குற்றஞ் செய்தவன் அறியாமற் செய்திருக்கலாம், அறிந்த பின் திருந்தலாம், பிறர் தூண்டுதலாற் செய்திருக்கலாம், வருந்திக்கொண்டிருக்கலாம். மன்னிப்புக்கு இத்தனை வழிகளைத் தேடி வைத்த சட்டக்கோவை வேறொன்று காண்பதரிது. 100ஆம் விதியிலேதான் குற்றம் குற்றமென்று கூறப்படுகின்றது. அதன்பின் நூறு நூறாக உயர்ந்து 1000ஆம் விதியிலே முடிகின்றது. அதுவே இல்லத்தை விட்டு விலக்கும் தீர்ப்பு. அதற்கு முந்திய 900ஆம் விதிப்படி, நம்பிக்கை இழக்கப்பட்ட ஒருவனுக்கு வேறொருவர் பொறுப்பேற்க முன்வந்தால் அவன் தங்கலாம்.

அடியும் இல்லை, பட்டினியும் இல்லை, இருட்டறையும் இல்லை. தீர்ப்பு எல்லாரும் கேட்க வாசிக்கப்படும், அவ்வளவே. ஆயினும் பலமற்ற சிறு பிள்ளைக்கு அது பெருந் துணையாயிற்று. பெரிய பையன் பிடுங்கிய பென்சிலுக்காக அழுவதைத் தவிர வேறு வழியறியாத பிள்ளைக்கு, ‘உன்மேல் வழக்கு வைப்பேன்’ என்று சொல்ல ஒரு வாய் கிடைத்தது.

தொடக்கத்திலே எல்லாம் இனிது நடந்ததென்று எண்ணுதல் தவறு. சில பிள்ளைகள் மன்றை ஏளனஞ் செய்தனர். மன்னிப்பை இளக்காரமாகக் கொண்டனர். சிலர் பழிவாங்க வழக்கு வைத்தனர். ஒரு கட்டத்திலே கோர்ச்சாக் மன்றைச் சில வாரங்கள் நிறுத்தியே வைத்தார். குறைகளை ஆராய்ந்து திருத்திய பின்னரே அது மீண்டுங் கூடியது. வளர்ந்தோரையும் பிள்ளைகள் வழக்குக்கு அழைக்கலாம் என்பது அங்கே உறுதியான உரிமையாயிற்று.

கோர்ச்சாக்கும் அவ்வாறு அழைக்கப்பட்டார். அரையாண்டு காலத்திலே தாம் ஐந்து முறை அம்மன்றின் முன் நின்றதை அவரே எழுதிவைத்துள்ளார். ஒரு பையனின் காதிலே அடித்தது ஒரு வழக்கு. ஒரு பெண்பிள்ளையைக் களவிலே ஐயுற்றது இன்னொரு வழக்கு. நீதிபதி ஒருவரை அவமதித்ததும் ஒன்று. நீதிபதிகள் பத்துப் பன்னிரண்டு வயதினர்; எதிரியோ அவர்களுக்கு உணவும் உறைவிடமும் தேடித் தருபவர், நாடறிந்த எழுத்தாளர், வைத்தியர். அவர் தம் பக்க நியாயத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத் தீர்ப்புக்குக் காத்திருந்தார். மன்று அவரை மன்னித்தது. இந்தச் சில வழக்குகளே தம்மைப் புதிய ஆசிரியனாக்கின என்பது அவர் கருத்து. பிள்ளைகளின் நன்மை பெரியவரின் மனநிலையையும் நல்லெண்ணத்தையும் பொறுத்திருத்தல் கூடாது. சட்டத்தைப் பொறுத்திருத்தல் வேண்டும் என்பதை அவர் அங்கே கற்றார். டோர்செற்றில் இல்லாதிருந்தது வார்சோவில் இருந்தது. அங்கே சட்டம் தலைவரையும் கட்டியது.

அவ்வில்லத்திலே பிள்ளைகளின் பாராளுமன்றமும் கூடியது. இருபது பிரதிநிதிகள் அதில் அமர்ந்தனர். அவர்கள் விடுமுறை நாட்களையும் வகுத்தனர். ஆண்டின் மிகக் குறுகிய பகலையுடைய டிசம்பர் 22ஆந் தேதியிலே படுக்கையை விட்டு எழ விரும்பாதவன் எழ வேண்டியதில்லை. மிகக் குறுகிய இரவையுடைய ஜூன் 22ஆந் தேதியிலே உறங்க விரும்பாதவன் உறங்க வேண்டியதில்லை. சட்டம் என்பது தடுப்பதற்கு மட்டுமன்று, மகிழ்வதற்கும் உரியது என்பதை அப்பிள்ளைகள் அறிந்திருந்தனர். 1926ஆம் ஆண்டு ஒக்டோபரிலே பிள்ளைகளே எழுதும் பத்திரிகையொன்றையும் கோர்ச்சாக் தொடங்கினார். தினசரி ஒன்றின் வார அனுபந்தமாக வந்த அந்தச் ‘சிறு சஞ்சிகை’ 1939ஆம் ஆண்டு செப்டம்பரிலே, ஜேர்மன் படை போலந்துட் புகுந்த நாளோடு நின்றது.

பின்னர் நடந்தது உலகறிந்தது. 1940ஆம் ஆண்டு நவம்பரில் அந்த இல்லம் மதிலாற் சூழப்பட்ட யூதச் சேரிக்குள் பெயர்க்கப்பட்டது. பசியும் நோயும் நிறைந்த அவ்விடத்திலும் கோர்ச்சாக் இல்லத்தின் ஒழுங்கைக் காக்க முயன்றார். 1942ஆம் ஆண்டு ஜூலை 18ஆந் தேதி பிள்ளைகள் நாடகமொன்றை நடித்தனர். அது இரவீந்திரநாத் தாகூரின் ‘அஞ்சலகம்’. நோயுற்று அறையிலே அடைபட்ட சிறுவன் ஒருவன் அரசனின் கடிதத்துக்காகக் காத்திருந்து அமைதியாகக் கண்மூடும் கதை அது. சில நாட்களிற் சேரியிலிருந்து மக்களை வெளியேற்றுதல் தொடங்கியது. ஆகஸ்ட் மாத முதல் வாரத்திலே ஏறத்தாழ இருநூறு பிள்ளைகளும், கோர்ச்சாக்கும், வில்சின்ஸ்கா அம்மையாரும், ஏனைய ஊழியரும் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தம்மளவிலே தப்பிச் செல்லக் கிடைத்த வாய்ப்புகளை அவர் ஏற்கவில்லை.

ஒரு பென்சிலுக்கும் நீதி தேடிய அந்த மன்று எங்கே, இருநூறு உயிர்களை விசாரணையின்றி விழுங்கிய அந்த அரசு எங்கே! குடியாட்சிப் பயிற்சி அப்பிள்ளைகளைக் காப்பாற்றவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். மதிலுக்குள்ளே எத்துணை நல்ல சட்டம் இருப்பினும், மதிலுக்கு வெளியே சட்டம் இறந்துபோனால் உள்ளிருப்போருக்குக் காப்பில்லை. ஆதலால் அக்கேள்வி அப்பிள்ளைகளிடங் கேட்க வேண்டியதன்று. வெளியே இருந்த கோடிக்கணக்கான வளர்ந்தோர் தம் இளமையிலே எதனைப் பயின்றனர் என்றே கேட்டல் வேண்டும். அணிவகுத்து நடக்கவும் ஆணைக்குப் பணியவும் அவர்கள் நன்றாகப் பயின்றிருந்தனர். ஆணையிடுபவனைக் கூண்டிலேற்றிக் கேள்வி கேட்க எவரும் அவர்களைப் பயிற்றவில்லை.

கோர்ச்சாக்கின் எண்ணம் அவரோடு மாளவில்லை. பிள்ளையின் உரிமைகளுக்கு ஓர் உலக உடன்படிக்கை வேண்டுமென்று 1978ஆம் ஆண்டிலே ஐக்கிய நாடுகள் நிறுவனத்தில் முன்மொழிந்தது அவர் பிறந்த போலந்து நாடே. 1989ஆம் ஆண்டு நவம்பர் 20ஆந் தேதி அவ்வுடன்படிக்கை நிறைவேறியது. 1991ஆம் ஆண்டிலே இலங்கையும் அதனை ஏற்றுறுதி செய்தது. தன்னைப் பற்றிய விடயங்களிலே கருத்துச் சொல்லவும், அக்கருத்து மதிக்கப்படவும் பிள்ளைக்கு உரிமையுண்டு என்பது அதன் 12ஆம் உறுப்புரை.

விளையாட்டுச் சபைகளும் நாடுதோறும் பெருகின. இந்தியாவிலே 1962ஆம் ஆண்டு பம்பாயிற் கூடிய கட்சிக் கொறடாக்களின் மாநாடு விதந்துரைத்தபடி, 1966ஆம் ஆண்டிலே டில்லிப் பாடசாலைகளில் இளைஞர் பாராளுமன்றத் திட்டம் தொடங்கியது. பிரித்தானியாவிலே 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி, இளைஞர் பாராளுமன்ற உறுப்பினர் பொதுமக்கள் சபையின் பச்சை ஆசனங்களிலே அமர்ந்து விவாதித்தனர். தேர்தலில் வென்ற அங்கத்தவரையன்றி வேறெவரும் அதற்குமுன் அவ்வாறு அங்கே அமர்ந்ததில்லை. இலங்கைப் பாடசாலைகளிலும் மாணவர் பாராளுமன்றங்கள் தோன்றியுள்ளன.

இவற்றை நடத்துவோர் இந்த வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கன சில உண்டு. நாவன்மை மிக்க சில மாணவரை மட்டும் மேடையேற்றினால், மற்றவர் கைதட்டப் பழகுவரேயன்றி ஆளப் பழகார். குரோக்மால்னா வீதியிலே திருவுளச்சீட்டு நாவன்மையைப் பார்க்கவில்லை. வாய்பேசாப் பிள்ளையும் நீதிபதியாயிற்று. மாணவர் மன்று உலகப் பிரச்சினைகளைப் பற்றியெல்லாம் தீர்மானம் நிறைவேற்றிவிட்டுத் தன் பாடசாலையின் குடிநீர்க் குழாயைப் பற்றிப் பேச இடமில்லையாயின், அதிலே கற்பது சொற்சிலம்பமேயன்றிப் பொறுப்பன்று. பிரீவில் சிறுவர் வரியைப் பற்றிப் பேசியபோது அது அவர்தம் பையிலிருந்து போகும் வரியாக இருந்தது. யாவற்றிலும் மேலாக, பிள்ளைகளுக்கு விதிக்கப்பட்ட சட்டம் பெரியவரையுங் கட்டுமோ என்ற ஒரு கேள்வியுண்டு. ‘கட்டும்’ என்று விடை சொல்லத் துணியாத இடத்திலே குடியாட்சி நாடகமாகவே நடைபெறும்.

பதினெட்டு வயது நிறைவெய்திய ஒருவன் வாக்குச்சாவடித் திரையின் பின்னே ஒரு நிமிட நேரம் தனித்து நிற்கின்றான். அந்த ஒரு நிமிடத்திலே அவனுக்கு ஆலோசனை சொல்ல ஆசிரியரும் இல்லை, பெற்றோரும் இல்லை. அதற்கு முந்திய பதினெட்டு ஆண்டுகளிலே ஒரு முறையேனும் அவன் பெரியவர் ஒருவரை நியாயங் கேட்டு, அப்பெரியவர் எழுந்து நின்று விடை சொல்லக் கண்டிருப்பானாயின், அவன் கையிலுள்ள பென்சில் என்ன செய்யவேண்டுமென்பதை அவன் அறிவான்.